சுண்டெலியின் எடையும் கட்டியும்: குறைந்த அளவுக் கதிர்வீச்சு ஆய்வுகளைப் படிப்பது எப்படி?

சுண்டெலிகளுக்குத் தினமும் கொஞ்சம் காமாக் கதிர் கொடுத்தார்கள். கதிர் படாத எலிகளைவிட அவை கூடுதல் நாள் உயிரோடு இருந்தன. இது நடந்த சோதனைதான். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எகோன் லோரென்ஸ் குழுவினர் 1940களில் தொடங்கிய ஆய்வு வரிசையில் ஒன்று. முடிவுகள் 1955இல் வெளிவந்தன. எட்டு மணி நேரத்தில் 0.11 ராண்ட்கன் (கதிரை அளக்கும் பழைய அலகு), இப்படி ஆயுள் முழுக்க. சராசரி ஆயுள் குறையவில்லை, சற்று நீண்டது.

இன்னொரு சோதனை ஜப்பானின் அவோமோரி மாகாணத்தில், ரொக்காஷோ என்ற ஊரில் நடந்தது. அங்கே பயன்படுத்திய அணு எரிபொருளைப் பிரித்தெடுக்கும் ஆலை இருக்கிறது; பக்கத்திலேயே சுற்றுச்சூழல் அறிவியல் நிறுவனம் என்ற ஆய்வுக்கூடம். 4,000 சுண்டெலிகளை நான்கு குழுவாகப் பிரித்து, சுமார் 400 நாள் சீசியம்-137 காமாக் கதிரில் வைத்தார்கள். 2003இல் முடிவு வந்தது. நாளுக்கு 1.1 மில்லிகிரே (இன்றைய அலகு, படி 1இல் விளக்குகிறேன்) வாங்கிய பெண் எலிகள் சுமார் 20 நாள் முன்னதாகவே இறந்தன. ஆண் எலிகளில் அந்த அளவில் நம்பத்தக்க வித்தியாசம் இல்லை.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். லோரென்ஸின் 0.11 ராண்ட்கனை இன்றைய அலகுக்கு மாற்றினால் ஏறக்குறைய 1.05 மில்லிகிரே. இரண்டு சோதனையும் கிட்டத்தட்ட ஒரே தினசரி அளவு. ஒன்றில் ஆயுள் கூடியது, மற்றொன்றில் பெண் எலிகளுக்குக் குறைந்தது. "கதிர்வீச்சு உடம்புக்கு நல்லது" என்பவர் முதலாவதைக் கையில் எடுக்கிறார். "துளியும் ஆகாது" என்பவர் இரண்டாவதை எடுக்கிறார். இரண்டு தரவும் உண்மையானவை. தவறு படிக்கும் முறையில் இருக்கிறது. எடை, ஆயுள், கட்டி இவற்றில் எந்த எண்ணையும் தனியாகப் பிடுங்கிப் படிக்கக் கூடாது. எந்த வரிசையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இந்த வழிகாட்டியில் சொல்கிறேன். உயிரியல், கால்நடை மருத்துவ மாணவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆனால் செய்தித்தாளில் இப்படி ஒரு செய்தியைப் பார்த்துக் குழம்பிப்போன யாரும் பின்தொடரலாம்.

படி 1: எண்ணுக்கு முன்னால் அலகு

கிரே என்பது ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் படிவது. ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகிரே. பழைய கட்டுரைகளில் ராட் இருக்கும்: 1 ராட் என்றால் 10 மில்லிகிரே. அதற்கும் பழையவற்றில் ராண்ட்கன் இருக்கும். அது காற்றில் அளப்பது. காமாக் கதிரைப் பொறுத்தவரை 1 ராண்ட்கன் திசுவில் சுமார் 9.6 மில்லிகிரே ஆகிறது.

சீவெர்ட் வேறு சங்கதி. அது மனிதரைப் பாதுகாப்பதற்காக உருவாக்கிய கணக்கு. கதிரின் வகைக்கும் உறுப்புக்கும் தக்க எடைக்காரணிகளைப் பெருக்கி வருவது. அந்தக் காரணிகள் மனிதருக்காக முடிவு செய்யப்பட்டவை. எலிக்குக் கிடைத்த டோஸை சீவெர்ட்டில் மட்டும் எழுதியிருந்தால், மூல கிரே எண் கிடைக்கும்வரை அந்தக் கட்டுரையை ஓரமாக வையுங்கள்.

படி 2: குறைந்த டோஸா, குறைந்த வேகமா?

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. மொத்த டோஸ் 100 மில்லிகிரேக்குக் கீழே இருந்தால் "குறைந்த டோஸ்" என்பது ஐநாவின் கதிர்வீச்சு விளைவுகள் பற்றிய அறிவியல் குழு வைத்திருக்கும் எல்லை. நிமிடத்துக்கு 0.1 மில்லிகிரேக்குக் கீழே இருந்தால் "குறைந்த டோஸ் வீதம்". இரண்டும் ஒன்றல்ல.

ரொக்காஷோவின் நான்கு குழுக்களையே எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்குக் கதிரே இல்லை. மற்றவற்றுக்கு நாளுக்கு 0.05, 1.1, 21 மில்லிகிரே. 400 நாளில் மொத்தம் சுமார் 20, 400, 8,000 மில்லிகிரே. அப்படியானால் கதிர் பட்டவற்றில் 20 மில்லிகிரே வாங்கிய குழு மட்டும்தான் குறைந்த டோஸ். மற்ற இரண்டும் மெதுவாகக் கொடுத்த பெரிய டோஸ். 8,000 மில்லிகிரேயை ஒரே மூச்சில் கொடுத்திருந்தால் பெரும்பாலான சுண்டெலிகள் ஒரு மாதம் தாண்டாது. 400 நாளில் பரப்பிக் கொடுத்தபோது ஆயுள் 100 முதல் 120 நாள் குறைந்தது, அவ்வளவுதான். ஒரு மழைக்காலம் முழுக்கப் பெய்ய வேண்டிய தண்ணீர் ஒரே இரவில் கொட்டுவதற்கும், தினமும் தூறுவதற்கும் உள்ள வேறுபாடு இது. இடைப்பட்ட நேரத்தில் செல் தன் டிஎன்ஏவைப் பழுது பார்த்துக்கொள்கிறது.

செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்த எண்களுக்கு உயிர் வரும். காமாக் கதிரில் 1 மில்லிகிரே என்றால், சராசரியாக ஒவ்வொரு செல்லின் உட்கருவையும் ஒரு எலக்ட்ரான் தடம் கடந்து போகிறது. 1 கிரேயில் ஒரு செல்லுக்கு 40 அளவில் டிஎன்ஏவின் இரண்டு இழையும் முறிகின்றன. அதே கணக்கில் 1 மில்லிகிரேயில் 25 செல்லுக்கு ஒன்றில்தான் அப்படி ஒரு முறிவு. நாளுக்கு 0.05 மில்லிகிரே வாங்கும் எலியின் உடம்பில், ஒரு குறிப்பிட்ட செல்லின் உட்கரு இருபது நாளுக்கு ஒரு தடவைதான் கதிரைச் சந்திக்கும். டோஸ் குறையக் குறைய ஒவ்வொரு செல்லுக்கும் விழும் அடி சிறிதாவதில்லை. அடி வாங்கும் செல்களின் எண்ணிக்கைதான் குறைகிறது. இதை மனதில் பதித்துக்கொண்டால் பின்னால் வரும் பல வாதங்கள் எளிதாகப் புரியும்.

இயற்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் உதவும். உலகச் சராசரி இயற்கைக் கதிர்வீச்சு மனிதருக்கு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட். நாளுக்குப் பிரித்தால் 0.0066. ரொக்காஷோவின் மிகக் குறைந்த வீதம் இதைப்போல ஏழெட்டு மடங்கு. நடுவில் உள்ளது சுமார் 170 மடங்கு. உச்சம் 3,000 மடங்குக்கும் மேல். லோரென்ஸின் 0.11 ராண்ட்கன் எங்கிருந்து வந்தது என்றால், அன்று அமெரிக்காவில் கதிர்ப் பணியாளர்கள் தாங்கலாம் என்று வைத்திருந்த அளவே நாளுக்கு 0.1 ராண்ட்கன். வேலைநாட்களைக் கூட்டினால் ஆண்டுக்கு 250 மில்லிகிரேயைத் தொடும். இன்றைய பன்னாட்டுப் பரிந்துரை ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட். அந்தக் காலத்து "குறைவு" இன்றைய குறைவு அல்ல.

படி 3: எந்தக் கதிர், உடம்பில் எங்கே?

வெளியிலிருந்து வரும் காமாக் கதிர் சுண்டெலியின் சின்ன உடம்பு முழுக்க ஏறத்தாழ ஒரே சீராகப் படியும். உடம்புக்குள் போய்த் தங்கும் பொருள் அப்படியல்ல. அமெரிக்காவில் யூட்டா, கலிஃபோர்னியா, நியூ மெக்சிகோ ஆய்வுக்கூடங்களில் 1950களிலிருந்து பல பத்தாண்டுகள் பீகிள் நாய்களில் ரேடியம், புளுட்டோனியம், ஸ்ட்ரான்சியம் போன்றவற்றை வைத்து ஆய்வு செய்தார்கள். ரேடியம் எலும்பின் உள்ளே பரவி உட்காரும். புளுட்டோனியம் எலும்பின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். எலும்பின் சராசரி டோஸ் ஒன்றாகவே இருந்தாலும் புளுட்டோனியம் கூடுதல் எலும்புப் புற்றைத் தந்தது. எளிதில் புற்றாகும் செல்கள் அந்த மேற்பரப்பின் ஓரத்தில்தான் இருக்கின்றன.

நியூட்ரானும் அப்படித்தான் தனி ரகம். சிகாகோவுக்கு அருகே ஆர்கான் ஆய்வகத்தில் 'ஜேனஸ்' என்ற அணு உலையை வைத்து சுமார் 50,000 சுண்டெலிகளில் நியூட்ரானையும் காமாவையும் ஒப்பிட்டார்கள். குறைந்த டோஸில் நியூட்ரான் பல மடங்கு வீரியம் காட்டியது. எனவே நியூட்ரான் முடிவைக் காமாவுக்கோ, ஆல்ஃபா முடிவை எக்ஸ்ரேக்கோ தூக்கிப் போடக் கூடாது.

படி 4: எந்த இனம், எந்த வயது, ஆணா பெண்ணா?

ஆய்வுக்கூடச் சுண்டெலி என்று பொதுவாகச் சொன்னால் போதாது. ஒவ்வொரு வம்சத்துக்கும் பிறவியிலேயே ஒரு புற்றுச் சாய்வு உண்டு. ரொக்காஷோவில் பயன்படுத்திய பி6சி3எஃப்1 வம்சத்து ஆண்களுக்குக் கல்லீரல் கட்டி தானாகவே நிறைய வரும். ஆர்எஃப்எம் என்ற வம்சத்துக்கு இரத்தப்புற்றும் நெஞ்சக்கணைய (தைமஸ் சுரப்பி) புற்றும் எளிதில் வரும். ஏற்கெனவே சாய்ந்து நிற்கும் மரத்தை எந்தப் பக்கம் தள்ளினார்கள் என்பதைப் பார்க்காமல் முடிவைப் படிக்க முடியாது.

வயதும் அப்படியே. பிறந்த ஓரிரு நாளில் கதிர் பட்ட குட்டிக்கும், எட்டு வாரம் வளர்ந்த எலிக்கும் ஒரே டோஸ் ஒரே விளைவைத் தராது. குட்டிப் பருவத்தில் கல்லீரல் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. அப்போது பட்ட கதிர் பிற்காலத்தில் கல்லீரல் கட்டியாகத் தெரிவது கூடுதல். கட்டுரையில் "வளர்ந்த எலி" என்று மட்டும் இருந்து வாரக் கணக்கு இல்லை என்றால் குறையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: கூண்டைப் பாருங்கள்

லோரென்ஸும் ரொக்காஷோவும் ஏன் முரண்படுகின்றன என்ற புதிருக்குப் பெரும்பகுதி விடை கூண்டில் இருக்கிறது. 1940களின் எலிக்கூடங்கள் கிருமியற்ற கூடங்கள் அல்ல. நுரையீரல் தொற்று, குடல் தொற்று என்று எலிகள் வயதாகும் முன்பே செத்துக்கொண்டிருக்கும். ஆர்கான் ஆய்வகத்தின் ஜார்ஜ் சாக்கர் இதைக் கூர்மையாகக் கவனித்தார்: குறைந்த கதிர்வீச்சால் ஆயுள் கூடியதாக வரும் முடிவுகள், கதிர் படாத குழுவே நன்றாக வாழாத இடங்களில்தான் தென்படுகின்றன. தொற்றால் வரும் இளவயது மரணம் கொஞ்சம் குறைந்தாலே சராசரி ஆயுள் ஏறிவிடும். கதிர் ஏதோ ஒரு வழியில் தொற்றைத் தாங்கும் சக்தியைத் தூண்டியிருக்கலாம் என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அது தொற்று நிறைந்த கூண்டின் கதை. முதுமையோ புற்றோ தள்ளிப்போனதற்கு அது சாட்சி ஆகாது. ரொக்காஷோவின் எலிகள் குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லாத கூடத்தில் வளர்ந்தவை. அங்கே எல்லாக் குழுக்களிலும் பெரும்பாலான மரணங்கள் கட்டிகளால்தான் வந்தன.

ஆகவே எந்தக் கட்டுரையிலும் முதலில் கதிர் படாத குழுவின் ஆயுளைத் தேடுங்கள். அதே வம்சம் நல்ல கூடத்தில் எவ்வளவு நாள் வாழும் என்று ஒப்பிடுங்கள். கதிர் படாத எலிகளே சீக்கிரம் செத்திருந்தால், மற்ற குழு "நீண்ட நாள்" வாழ்ந்ததற்கு அர்த்தம் மாறிவிடுகிறது.

இன்னும் சில சின்ன விஷயங்கள். கதிர் மூலத்திலிருந்து இருமடங்கு தூரம் போனால் டோஸ் கால் பங்காகும். எனவே கூண்டுகளை அவ்வப்போது இடம் மாற்றினார்களா? கதிர் படாத குழு அதே அறை வெப்பம், அதே ஒளி, அதே இரைச்சலில் இருந்ததா? ஒரு கூண்டில் எத்தனை எலி? சண்டை போடும் ஆண் எலிகள் எடை இழக்கும், புண்ணாகும். இதெல்லாம் கட்டுரையின் "முறைகள்" பகுதியில் ஓரிரு வரியாகத்தான் இருக்கும். அந்த வரிகளைத் தாண்டிப் போகாதீர்கள்.

படி 6: எடை சொல்வது என்ன?

நம் ஊரில் குழந்தை கொஞ்சம் பூசினாற்போல் ஆனால் "நல்லா தேறிட்டான்" என்போம். ஆய்வுகளைப் படிக்கும்போதும் அந்தப் பழக்கம் கூடவே வருகிறது. எடை கூடினால் நலம், குறைந்தால் கேடு என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. கதிர்வீச்சு ஆய்வில் இது நேர்மாறாகவும் இருக்கலாம்.

ரொக்காஷோ ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்டது இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. நாளுக்கு 20 மில்லிகிரே வாங்கிய பெண் சுண்டெலிகளின் எடை, கதிர் படாதவற்றைவிடக் கூடியது. கூடியது தசையல்ல, கொழுப்பு. கூடவே சூலகம் சீக்கிரமே செயலிழந்திருந்தது. சுண்டெலியின் இளம் கருமுட்டைகள் கதிருக்கு அசாதாரணமாக மென்மையானவை, சுமார் 0.1 கிரேயிலேயே பாதி அழிந்துவிடும். மனிதப் பெண்ணின் கருமுட்டைகளில் பாதி அழிய 2 கிரே அளவு வேண்டும். முட்டைகள் தீர்ந்துபோனால் சூலக ஹார்மோன் குறைகிறது. அதாவது எலிக்கு மாதவிடாய் நின்ற நிலைமாதிரி ஒன்று முன்கூட்டியே வருகிறது. கொழுப்பு சேர்கிறது. எடைத்தராசில் "வளர்ச்சி" என்று தெரிந்தது உண்மையில் ஓர் உறுப்பு ஓய்ந்ததன் அடையாளம்.

சரி, எடைக்கும் கட்டிக்கும் என்ன உறவு? நிறைய. ஜப்பானின் தேசியக் கதிரியக்க அறிவியல் நிறுவனத்தில் 1997இல் ஒரு சோதனை வெளிவந்தது. சி3எச் வம்சத்துச் சுண்டெலிகளுக்கு 3 கிரே எக்ஸ்ரே கொடுத்தார்கள் (இது பெரிய டோஸ், குறிப்பாகச் சொல்லிவிடுகிறேன்). சிலவற்றுக்குத் தீவனத்தின் கலோரியைக் குறைத்தார்கள். கலோரி குறைத்த எலிகளில் கதிரால் வரும் இரத்தப்புற்று பாதிக்கும் கீழே இறங்கியது. கதிர் கொடுத்த பிறகு கலோரியைக் குறைத்தபோதும் பலன் இருந்தது. தீவனமே கட்டியின் எண்ணிக்கையை இவ்வளவு புரட்டும் என்றால், எலி எவ்வளவு தின்றது என்று அளக்காத ஓர் ஆய்வில் கட்டி குறைந்ததை எப்படிக் கதிரின் கணக்கில் எழுதுவது? கதிர் பட்ட எலி உடல் சரியில்லாமல் குறைவாகத் தின்றிருக்கலாம். அதனாலேயே கட்டி குறைந்திருக்கலாம். எடை வரைபடமும் தீவன அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் இதைப் பிரித்தறிய முடியும்.

வளர்ச்சி என்றால் கருவில் உள்ள வளர்ச்சியும் சேரும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் லியான் ரஸ்ஸலும் வில்லியம் ரஸ்ஸலும் கர்ப்பமான சுண்டெலிகளில் காட்டியது இன்றும் பாடநூல் அடிப்படை: எந்த நாளில் கதிர் பட்டது என்பதைப் பொறுத்தே எந்த உறுப்பு கெடும் என்பது அமையும். உறுப்புகள் உருவாகும் நாட்கள்தான் மிக மென்மையானவை. பிறவிக் குறைபாடுகளுக்கு 100 மில்லிகிரே அளவில் ஒரு வாசல், அதாவது விளைவு தொடங்கும் எல்லை, இருப்பதாகவே பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் கொள்கிறது. அதற்குக் கீழே அவை கூடுவதாகத் தெளிவான சாட்சி இல்லை. எனவே பத்து இருபது மில்லிகிரேயில் குட்டிகளின் எடை குறைந்தது என்று ஒரு கட்டுரை சொன்னால், நான் முதலில் தேடுவது ஈற்றின் அளவை. ஒரே ஈற்றில் பன்னிரண்டு குட்டி பிறந்தால் ஒவ்வொன்றும் சிறிதாகத்தான் இருக்கும். ஐந்து பிறந்தால் கொழுகொழு என்று இருக்கும். அப்புறம் இன்னொன்று: ஒரு தாயின் பத்துக் குட்டிகள் பத்துத் தனித்தனிச் சான்றுகள் ஆகாது. கணக்கின் அலகு தாய்தான். "60 குட்டிகளை அளந்தோம்" என்பதன் பின்னால் ஆறு தாய்கள் மட்டும் இருந்தால், உங்கள் கையில் இருப்பது ஆறு சான்று.

படி 7: கட்டியை எப்படி எண்ணினார்கள்?

வயதான சுண்டெலியை அறுத்துப் பார்த்தால் எங்கோ ஒரு கட்டி பெரும்பாலும் இருக்கும். ஆகவே "எத்தனை எலிக்குக் கட்டி வந்தது" என்ற ஒற்றைக் கேள்வி மிகவும் பலவீனமானது. மூன்று கேள்வியாகப் பிரியுங்கள். கட்டி எத்தனை எலியில்? எந்த வயதில்? எலி அந்தக் கட்டியால் செத்ததா, அல்லது அந்தக் கட்டியோடு வாழ்ந்து வேறு எதனாலோ செத்ததா?

ரொக்காஷோவில் உச்ச வீதம் வாங்கிய எலிகளின் ஆயுள் ஏன் குறைந்தது என்று ஆய்வாளர்கள் பார்த்தபோது, ஏதோ ஒரு புதிய கொடிய புற்று பெருகியதாக வரவில்லை. பலவகைக் கட்டிகள் முன்கூட்டியே வந்து கொன்றதுதான் முதன்மைக் காரணம் என்று 2003இல் எழுதினார்கள். கட்டியின் எண்ணிக்கையை மட்டும் எடுத்துப் பார்ப்பவருக்கு இந்த முழு விஷயமும் கண்ணுக்குத் தெரியாது.

எதிர்த் திசையிலும் இதே பாடம் உண்டு. கனடாவின் சாக் ரிவர் ஆய்வகத்தில் ரொனால்ட் மிட்செல் குழுவினர், பி53 மரபணுவின் ஒரு பிரதி இல்லாத சுண்டெலிகளை எடுத்துக்கொண்டார்கள். புற்று எளிதில் பிடிக்கும் எலிகள் இவை. 10 மில்லிகிரேயை மெதுவாக ஒரு தடவை கொடுத்தபோது நிணநீர்ப் புற்றும் முதுகெலும்புப் புற்றும் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தன. 100 மில்லிகிரே கொடுத்தபோது நிணநீர்ப் புற்று தாமதமானது. முதுகெலும்புப் புற்றோ முந்திக்கொண்டு வந்தது. ஒரே எலி, ஒரே டோஸ்; ஒரு திசுவில் நன்மைபோல, இன்னொரு திசுவில் தீமை. இந்த 2003 ஆய்வை "குறைந்த கதிர் புற்றைத் தடுக்கும்" என்று சுருக்கிச் சொல்பவர்கள் அந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். அது எனக்கு நிஜமாகவே வருத்தமான விஷயம், ஏனென்றால் அந்த ஆய்வின் மதிப்பே அந்த இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது.

சூலகக் கட்டி தனியாகப் பேச வேண்டிய ஒன்று. லோரென்ஸின் ஆய்வு வரிசையில் மேல் டோஸ்களிலும், பின்னால் ஓக் ரிட்ஜிலும், ரொக்காஷோவிலும் பெண் சுண்டெலிகளில் சூலகக் கட்டி கூடியது. முந்தைய படியில் பார்த்த அதே கதைதான் இங்கும் தொடர்கிறது: கருமுட்டைகள் அழிகின்றன, சூலக ஹார்மோன் குறைகிறது, பிட்யூட்டரி சுரப்பி "இன்னும் வேலை செய்" என்று ஹார்மோனை அனுப்பிக்கொண்டே இருக்கிறது, அந்த விரட்டலில் மிச்சமிருக்கும் திசு கட்டியாகிறது. கதிர் இங்கே ஒரு செல்லின் மரபணுவைக் கெடுத்து மட்டும் புற்றாக்கவில்லை. உடம்பின் ஹார்மோன் தராசையே சாய்த்துவிடுகிறது. போதுமான முட்டைகள் அழியும்வரை எதுவும் நடக்காது என்பதால் இந்தக் கட்டிக்கு ஒரு வாசல் இருக்கிறது. மனிதருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது என்பதற்கும் இதுவே காரணம்.

இந்தக் கட்டி கதிரால் வந்ததா, தானாக வந்ததா என்று கட்டியைப் பார்த்தே சொல்ல முடியுமா? பெரும்பாலும் முடியாது. ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடித்தது. பிடிசிஎச்1 என்ற மரபணுவின் ஒரு பிரதி கெட்டுப்போன சுண்டெலிகளுக்குச் சிறுமூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற கட்டி தானாகவே வரும். குட்டியாக இருக்கும்போதே கதிர் பட்டால் கூடுதலாக வரும். மிச்சமிருந்த நல்ல பிரதியும் தொலையும்போதுதான் கட்டி உருவாகிறது. தானாக வந்த கட்டிகளில் 13ஆம் குரோமோசோமின் அந்த இடத்திலிருந்து நுனிவரை ஒரு நீண்ட பகுதி மாறியிருக்கும். கதிரால் வந்தவற்றில் நடுவில் ஒரு துண்டு மட்டும் வெட்டியெடுத்ததுபோல் காணாமல் போயிருக்கும். ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த அடையாளத்தை வைத்துக் கட்டிகளை இரண்டாகப் பிரித்து, கதிர் கையெழுத்துப் போட்ட கட்டிகளை மட்டும் எண்ணினார்கள். தானாக வரும் கட்டிகளின் இரைச்சலை ஒதுக்கிவிட்டு எண்ணுவதால், சிறிய விளைவுகூடக் கண்ணில் படும்.

கடைசியாக, திசுவை நுண்ணோக்கியில் பார்த்தவருக்கு எது எந்தக் குழு என்று தெரியாமல் மறைத்தார்களா என்று பாருங்கள். தெரிந்து பார்த்தால் கண் ஏமாற்றும்.

படி 8: எலிகளின் எண்ணிக்கை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் மிக முக்கியம். கதிர் படாத எலிகளில் 20 விழுக்காட்டுக்கு ஒரு கட்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கதிரால் அது 25 ஆகிறதா என்று கண்டுபிடிக்க (இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு வழக்கமான 5 விழுக்காடு, இருக்கும் விளைவைப் பிடிக்கும் வாய்ப்பு 80 விழுக்காடு) ஒவ்வொரு குழுவிலும் சுமார் 1,100 எலி வேண்டும். 22 ஆகிறதா என்றால் 6,500. 21 ஆகிறதா என்றால் 25,000க்கும் மேல். குழுவுக்கு 50 எலி மட்டும் வைத்துச் செய்தால், கட்டி 20லிருந்து 46 விழுக்காட்டுக்குத் தாவினால்தான் நம்பிச் சொல்ல முடியும். அப்படிப்பட்ட ஆய்வு "விளைவு இல்லை" என்று சொன்னால், விளைவு இல்லை என்று பொருளல்ல. அந்த வலையின் கண்கள் பெரியவை, மீன் சிறியது.

மறுபக்கம்: 20 உறுப்புகளில் தனித்தனியாகக் கட்டியை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் 5 விழுக்காட்டு வரம்பு வைத்தால், கதிருக்கு ஒரு விளைவும் இல்லாவிட்டாலும் ஏதாவது ஓர் உறுப்பில் "வித்தியாசம்" தென்படும் வாய்ப்பு 64 விழுக்காடு. அது கூடுதலாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். ஒரே ஓர் உறுப்பைப் பிடித்துக்கொண்டு தலைப்புப் போட்ட செய்திகளை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

படி 9: புள்ளிகளை இணைக்கும் கோடு

பெரிய டோஸில் கிடைத்த புள்ளிகளிலிருந்து பூஜ்யம்வரை ஒரு நேர்கோடு போடுவதை நேர்கோட்டு, வாசலற்ற மாதிரி என்கிறார்கள். பாதுகாப்பு விதிகள் இதன் மேல்தான் நிற்கின்றன. சின்ன டோஸில் அபாயத்தைச் சற்றுக் குறைத்தும் எடுத்துக்கொள்கிறார்கள்: பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2ஆல் வகுக்கிறது, அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் 2006 அறிக்கை 1.5ஆல் வகுத்தது. பிரெஞ்சு அறிவியல் கழகமோ 2005இல் இந்த நேர்கோட்டையே சின்ன டோஸ்களுக்குப் பொருத்துவது சரியல்ல என்றது. அறிஞர்களே வேறுபடும் இடம் இது. என் முடிவு: பாதுகாப்புக்கு நேர்கோடு நல்ல விதி, ஏனென்றால் அது எளிது, தவறினாலும் பணியாளரைக் கூடுதலாகப் பாதுகாக்கும் பக்கமே தவறும். ஆனால் கோடிக்கணக்கான மக்களை மிகச் சிறிய டோஸால் பெருக்கி "இத்தனை பேர் சாவார்கள்" என்று சொல்ல அதைப் பயன்படுத்தக் கூடாது. விலங்கு ஆய்வில் ஒவ்வொரு கட்டிக்கும் கோட்டின் வடிவம் வேறு என்பதைச் சூலகக் கட்டியே காட்டிவிட்டது. எல்லாக் கட்டிகளையும் ஒரே குவியலாக்கி ஒரு கோடு போட்டிருந்தால், குவியலைப் பிரித்துக் காட்டும் அட்டவணையைத் தேடுங்கள்.

படி 10: கூண்டிலிருந்து ஊருக்கு

சுண்டெலியின் கண்ணுக்குப் பின்னால் ஹார்டேரியன் சுரப்பி என்று ஒன்று உண்டு. கதிர்வீச்சு ஆய்வுகளில் அதில் வரும் கட்டியை நிறைய எண்ணியிருக்கிறார்கள். மனிதரில் அந்தச் சுரப்பியே வளர்ச்சியடைவதில்லை. விலங்கில் நடப்பதை மனிதருக்குக் கொண்டுபோகும்போது எண்ணைக் கொண்டுபோகாதீர்கள். நடந்த விதத்தைக் கொண்டுபோங்கள். டிஎன்ஏ முறிவும் பழுதுபார்ப்பும் இரண்டு உடம்பிலும் ஏறக்குறைய ஒன்றே. மெதுவாகக் கொடுத்தால் பாதிப்பு குறைவு என்பதும் பெரிதும் பொருந்தும். சூலகத்தின் மென்மை பொருந்தாது.

கூண்டுக்கு வெளியே நடந்த ஓர் எலி ஆய்வு நமக்கு மிக அருகில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும், கேரளத்தில் கொல்லத்துக்கு வடக்கே சவரா, நீண்டகரைக் கடற்கரையிலும் கதிர்வீசும் தோரியம் கலந்த மோனசைட் மணல் கிடக்கிறது. அந்தக் கேரளக் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழும் கருப்பெலிகளை ஹான்ஸ் குரூனெபெர்க் என்ற மரபியலாளரும் கூட்டாளிகளும் பிடித்து, மணல் பகுதியிலும் வெளியிலும் உள்ள எலிகளின் எலும்பையும் பல்லையும் அளந்து ஒப்பிட்டார்கள். 1966இல் வெளிவந்த முடிவு: கதிர்வீச்சால் வந்தது என்று சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

இப்போது மேலே சொன்ன படிகளை இந்த எலியின் மேல் வைத்துப் பாருங்கள். கூண்டுக்கு வெளியே வாழும் எலியின் ஆயுள் மிகக் குறைவு. அதனால் ஓர் எலி வாங்கும் மொத்த டோஸ் சிறியது. கட்டி வரும் வயதுவரை பெரும்பாலும் அது வாழ்வதே இல்லை. மணலுக்கு உள்ளும் வெளியும் எலிகள் நடமாடி இனம் கலக்கும். பார்த்தது எலும்பின் அமைப்பு, கட்டியல்ல. ஆக, இந்த ஆய்வு வளர்ச்சியைப் பற்றி ஒரு நேர்மையான விடை தருகிறது. புற்றைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு அதே கடற்கரையின் மனிதர்களைத்தான் பார்க்க வேண்டும். கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் பங்களிப்போடு நடந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. அந்த மண்ணின் காமாக் கதிரால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. அதையும் இதே வரிசையில் படியுங்கள்: அலகு, வீதம், வயது, ஒப்பிட்ட குழு, எண்ணிக்கை.